இரண்டு ராஜகுமாரிக்கும் ஒரே தொண்டை

எனக்கு முதலில் கோபம் வந்தது அந்த ராஜகுமாரன் மேல்தான். எல்லாரும் முகமூடி போட்டுக்கொண்டு ஆடுகிற விழாவில், தன் காதலியின் கை என்று நினைத்துப் பனிக்கட்டியால் செய்த ஒருத்தியின் கையைப் பிடிக்கிறான். பிடித்ததோடு விட்டானா? ஊரறிய அவளுக்கு மோதிரமும் போட்டுவிடுகிறான். உண்மையான ராஜகுமாரி ஜன்னலுக்கு வெளியே பனியில் நின்று அதைப் பார்க்கிறாள். இப்படி ஒரு மடையனை நான் கார்ட்டூனில்கூடப் பார்த்ததில்லை.

கார்ட்டூன் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, தொழில். என் பெயர் தமிழ்ப்ரியா. கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம், சித்தூருக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவில், நெல்லும் தென்னையும் இருக்கிற ஒரு ஊரில் குடித்தனம். கோயமுத்தூரில் ஒரு சின்ன ஸ்டுடியோ வெளிநாட்டுக் கார்ட்டூன் படங்களைத் தமிழில் மாற்றுகிறது. அங்கே டப்பிங் பேசுகிறேன். ஏழு படம் முடித்தாயிற்று. அணில், இரண்டாவது தேவதை, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுப் பெண், ஒரு முள்ளங்கி. ஆமாம், முள்ளங்கிதான், அந்தப் படத்தில் அதுவும் பேசும். ஏழு படத்திலும் முடிவில் ஓடுகிற பட்டியலில் என் பெயர் வரவில்லை. முக்கியமான மூன்று பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவர்களைத்தான் போடுவார்கள்.

எட்டாவது படம்தான் இந்த ராஜகுமாரன் கதை. பழைய பாலே நாட்டியம் ஒன்றைக் கார்ட்டூனாக எடுத்திருந்தார்கள். எனக்கு ராஜகுமாரி வேஷம் கொடுத்தார்கள். கேட்டதும் தலைகால் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவளுக்குச் சாபம். பாதிப் படம் ஊமை. மொத்தமே பதினெட்டு வரி. வாய் ஓயாமல் பேசுகிறவள் பனிப்பாவைதான். மந்திரவாதி ராஜகுமாரியின் முகத்தைப் பார்த்துச் செய்து அனுப்புகிறவள். பெயர் போடப் போவது ராஜகுமாரனுக்கும் மந்திரவாதிக்கும் பனிப்பாவைக்கும்.

"சார், இந்த ஆளுக்கு எப்படித் தெரியாமப் போச்சுங்க?" என்று டைரக்டரிடம் கேட்டேன். "அவளுக்கு முடி நீலம், உதடு நீலம். இவளுக்குக் கறுப்பு முடி. முகமூடி போட்டா முடியுமா மறைஞ்சுபோகும்? கண்ணு பொட்டையா அவனுக்கு?"

டைரக்டர் மிக்கேல்ராஜ் சார் எதற்கும் பதறாத மனிதர். வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய் இருக்கும். அவர் பதில் சொல்லாமல் கம்ப்யூட்டரைத் திருப்பி, அந்தப் பாலேயின் பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

பாலேயில் யாரும் வாயைத் திறப்பதில்லை. கால் கட்டைவிரல் நுனியில் நின்று ஆடியே எல்லாவற்றையும் சொல்கிறார்கள். ராஜகுமாரி வந்தாள், கைகளை எப்போதும் நெஞ்சோடு ஒடுக்கிக்கொண்டு ஆடினாள். அப்புறம் பனிப்பாவை வந்தாள். அதே வெள்ளை உடை, கையில் மட்டும் கறுப்பு உறை. கைகளை விரித்து வீசி ஆடினாள். பார்க்கப் பார்க்க எனக்கு அவளைத்தான் பிடித்தது.

"இவங்க யாருங்க சார் ரெண்டாவது ஆள்? நல்லா ஆடறாங்க."

"ரெண்டாவது ஆளே கிடையாதும்மா. ஒரே பொண்ணுதான் ரெண்டும் ஆடுது. அதான் அந்த ஆட்டத்தோட விசேஷம்."

அட! நானும்தான் ஏமாந்திருக்கிறேன். அந்த ராஜகுமாரனைத் திட்டிய வாய் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டது. பிறகு ஒன்று தோன்றியது. ஆட்டத்தில் ஒரே ஆள் என்பதால் அவன் ஏமாந்ததை நம்ப முடிகிறது. படம் வரைந்தவர்கள் இருவரையும் வேறு வேறாக வரைந்து அதைக் கெடுத்துவிட்டார்கள். குரலாவது ஒன்றாக இருக்க வேண்டாமா?

"அப்படின்னா ரெண்டு பேருக்கும் நானே பேசறனுங்க சார்."

பனிப்பாவைக்குச் சென்னையிலிருந்து ஒரு அம்மாளைப் பேசி வைத்திருந்தார்கள். இருந்தாலும் சார் பெருந்தன்மையாக ஒரு காட்சியைப் பேசிப் பார்க்கச் சொன்னார். நான் குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்து, விஷம் கக்கிப் பேசினேன்.

"மருமகளைத் திட்டற மாமியார் மாதிரி இருக்கு" என்றார் சார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினீயர் ஜிபி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பாலக்காட்டுப் பெண். நல்ல பிள்ளைதான், ஆனால் சிரிக்கும்போது இடம் பொருள் பார்க்க மாட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"கெட்டவளாப் பேசாதீங்க ப்ரியா. வேற ஒருத்தியாப் பேசுங்க" என்றார் சார். "ஒண்ணு பண்ணலாம். உங்களை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தருக்குப் போன் போடுங்க. அஞ்சு நிமிஷம் வேற ஒருத்தியாப் பேசிப் பதிவு பண்ணுங்க. அவங்க கண்டுபிடிக்கலேன்னா ரெண்டு வேஷமும் உங்களுக்குத்தான், பேரும் போடறேன். ஆனா வெட்டாம ஒட்டாம முழுசா அனுப்பணும். புதன்கிழமை அஞ்சு மணிக்குள்ள வரலேன்னா சென்னை அம்மாவுக்கு டிக்கெட் போட்டுருவேன்."

திரும்பி வரும் பஸ் வாளையார் செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றது. யாரை ஏமாற்றுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அம்மாவை முடியாது, நான் மூச்சு விட்டாலே கண்டுபிடித்துவிடுவாள். சிநேகிதி ஜின்சி என்னைப் பேச விட்டால்தானே கேட்பாள். வீடு வந்து சேரும் வரை ஆள் கிடைக்கவில்லை.

கிடைத்தது அன்று சாயங்காலம். என் வீட்டுக்காரர் பூபதிராஜாவிடம், ராஜகுமாரிக்கு நான் பேசி முடித்திருந்த அந்த விழாக் காட்சியைப் போனில் போட்டுக் காட்டினேன். அவர் கையில் இருந்த டீ தளும்பும்படி சிரித்தார்.

"கட்டிக்கப் போறவ யாருன்னே தெரியாதவன் என்ன ராஜகுமாரன்? நம்ம ஊட்டு மாட்டுக்குக்கூட உன்ற சத்தம் தெரியுமே புள்ள!" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதுக்குத்தான் தெனமும் நெல்லு மூட்டைக்கு நடுவுல போயி நின்னுட்டுக் கத்தறயா?" என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

சரி, நீங்கள்தான் என் ராஜகுமாரன் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன்.

ஆள் கிடைத்தாயிற்று, குரல் கிடைக்கவில்லை. இரண்டு நாள் தனியாகப் பேசிப் பேசிப் பார்த்தேன். கிழவி, சின்னப் பெண், சென்னைக்காரி. எது பேசினாலும் அடியில் நான்தான் இருந்தேன். "என்னுங்க", "ஏனுங்க" என்று எங்காவது எட்டிப் பார்த்துவிடும். செவ்வாய்க்கிழமை மாடு கறக்கும்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் வீட்டில் கொங்குத் தமிழ், ஆபீஸ் என்றால் மலையாளம். ஆபீஸ் வேலையெல்லாம் அவர்தான் போவார். நான் சித்தூர் காலேஜில் மலையாளிப் பெண்களோடு மூன்று வருஷம் பேசிய மலையாளத்தை அவர் கேட்டதே இல்லை. அந்த மொழியில் நான் யாருடைய பெண்டாட்டியும் இல்லை.

புதன்கிழமை காலை பத்தரைக்கு நெல் மூட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அதுதான் என் ஸ்டுடியோ. மூட்டைகள் இருப்பதால் எதிரொலி வராது. இன்டர்நெட்டுக்காக வாங்கிய இரண்டாவது நம்பர் அவருக்குத் தெரியாது. அதிலிருந்து கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் மைக்கை வைத்தேன்.

"பூபதிராஜா அல்லே? கிருஷிபவனில் நிந்நாணு."

விவசாய ஆபீஸ் என்றேன். பொய்தான், தப்புதான், வேறு வழி தெரியவில்லை. இனி நாங்கள் பேசியதைத் தமிழிலேயே எழுதுகிறேன். அவருடைய மலையாளமும் பாதி தமிழ்தான்.

"ஆமாங்க மேடம், ஒரு நிமிஷம் மேடம்." மோட்டாரை நிறுத்தும் சத்தம் கேட்டது. நான் கூப்பிட்டால் மோட்டார் பாட்டுக்கு ஓடும். "கேக்கல, அப்பறம் பேசு" என்று வைத்துவிடுவார். "இப்பச் சொல்லுங்க மேடம்."

விவசாயிகளின் குடும்ப விவரம் எடுக்கிறோம் என்றேன். எத்தனை ஏக்கர், என்ன நெல், தண்ணீர் எப்படி என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாக, அழகாகப் பதில் சொன்னார். தண்ணீர் சரியாக வராததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அந்தக் கவலையை என்னிடம் அவர் சொன்னதில்லை. "கஷ்டம்தான்" என்றேன். "கேட்டதே சந்தோஷம் மேடம்" என்றார்.

"மனைவி பெயர்?"

"தமிழ்ப்ரியா."

"வயது?"

"முப்பத்திநாலு." சரியாகச் சொன்னார்.

"படிப்பு?"

"டிகிரி மேடம்! சித்தூர் காலேஜ்." அதில் ஒரு பெருமை இருந்தது. நான் மூட்டைக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டேன்.

"ஜோலி?"

"ஒண்ணுமில்லைங்க மேடம். வீட்டுல சும்மா இருக்கறா."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது அந்த ஆபீஸ்காரியின் நிதானமான குரல்தான், எனக்கே ஆச்சரியம்.

"மாடு உண்டா?"

"ரெண்டு, மேடம்."

"யார் கறப்பது?"

"அவ."

"மோட்டார் போடுவது?"

"கரண்டு விடிகாலையில வந்தா அவ."

"நடவுக்கு ஆள் வந்தால் கூட நிற்பது?"

"நான் இல்லாதப்ப அவ."

"நீங்கள் இல்லாதது எப்போதெல்லாம்?"

யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "பெரும்பாலும், மேடம்."

"அப்படியென்றால் ஜோலி என்ற கட்டத்தில் நான் என்ன எழுத?"

தென்னையில் காக்கை கத்துவது மட்டும் கேட்டது. கடைசியில், "அவகிட்டக் கேட்டுச் சொல்றனுங்க மேடம்" என்றார். ஐந்து மணிக்குள் இதே நம்பருக்குச் சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்தேன். ஏழு நிமிஷம். கண்டுபிடிக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது கோபம் இல்லை. போனை வைக்க மனம் வரவில்லை. பதினோரு வருஷத்தில் இந்த மனிதர் என்னிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அந்தப் பனிப்பாவையும் இப்படித்தான் நின்றிருப்பாள். ஒருத்தன் முதல்முறையாகக் கையைப் பிடிக்கிறான், பிரியமாகப் பேசுகிறான். வேறொருத்திக்கு என்று வைத்திருந்த பிரியம்தான், அதற்காகக் கையை உதறவா முடியும்? நான் அவளைப் போய்ப் பல்லைக் கடித்துப் பேச வைத்தேனே. பிறகுதான் அந்தச் "சும்மா" மெதுவாக உள்ளே இறங்கியது. இறங்கியதும் அழுதேன்.

மத்தியானம் சாப்பிட வந்தார். ரசத்தைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"ஏ ப்ரியா, கிருஷிபவன்ல இருந்து ஒரு மேடம் கூப்புட்டாங்க. தங்கமான மேடம். உனக்கு என்ன ஜோலின்னு எழுதறதுன்னு கேட்டாங்க."

"நீங்க என்னன்னு சொன்னீங்க?"

தட்டைப் பார்த்தார். "உன்னையக் கேட்டுச் சொல்றன்னு சொன்னேன். நீ சொல்லு, என்னன்னு எழுதறது?"

கல்யாணமாகி இதுவரை அவர் என்னைக் கேட்காத கேள்வி. இன்றைக்கும் எனக்காகவா கேட்டார்? ஒரு மேடம் கேட்டுவிட்டாள், பதில் வேண்டும். ஆத்திரம் அடங்கவில்லை.

"சும்மாதானுங்க இருக்கறேன். அப்படியே எழுதச் சொல்லுங்க."

அவர் கை நின்றது. ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். மோர்கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுந்து தோப்புக்குப் போய்விட்டார். நான் தட்டைக் கழுவினேன்.

மூன்று மணி வரை அந்தப் பதிவை அனுப்பவில்லை. அனுப்பினால் இரண்டு வேஷம், திரையில் பெயர். ஆனால் என் புருஷன் வாயாலேயே நான் ஒன்றுமில்லாதவள் என்று சொன்னதை ஸ்டுடியோவே உட்கார்ந்து கேட்கும். அந்த ஒரு வரியை வெட்டிவிடலாம், வெட்டினது தெரியாமல் ஒட்டவும் எனக்குத் தெரியும். விரல் வரை வந்தது. வெட்டாமல் ஒட்டாமல் என்று சார் சொன்னதை நினைத்துக் கையை எடுத்துக்கொண்டேன். இந்தப் பெயரை வேறு எப்படித்தான் வாங்குவது? கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் சாரிடமிருந்து பதில் வந்தது. "ரெண்டும் உங்களுக்கே. பேர் போடறோம். திங்கக்கிழமை வந்துருங்க." அதற்குப் பின்னாலேயே ஜிபியின் குரல், சிரிப்போடு: "சேச்சி, வீட்டுல சும்மாவா இருக்கீங்க? எங்ககிட்டச் சொல்லவே இல்லையே!"

ஜெயித்துவிட்டேன். எதில் ஜெயித்தேன்? என்னோடு பதினோரு வருஷம் இருந்தவருக்கு என் குரல் தெரியாது என்று நிரூபித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவளும் நான், உள்ளே மோதிரம் வாங்குகிறவளும் நான். சந்தோஷப்பட ஆள் இல்லாமல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்த இரண்டாவது நம்பர் அடித்தது. அவர்தான். எடுக்காமல் விட்டிருக்கலாம். என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. தொண்டையைச் சரி செய்து, "பறயூ" என்றேன், சொல்லுங்கள் என்று அர்த்தம்.

"மேடம், காலையில பேசின பூபதிராஜா. அவகிட்டக் கேட்டேன் மேடம். சும்மா இருக்கறேன்னே எழுதச் சொல்லுன்னு சொல்லிட்டா. கோவமா இருக்கறா."

"அப்படியே எழுதட்டுமா?"

"வேண்டாம் மேடம், வேண்டாம்." அவசரமாகச் சொன்னார். "சாப்பிட்டு வந்து தோப்புல உக்காந்து எண்ணிப் பாத்தேன். மாடு, மோட்டார், ஆளுக, எல்லாம் அவதான். அதையெல்லாம் எழுத உங்க கட்டத்துல எடம் இருக்காது. அதனால ஒண்ணு மட்டும் எழுதிக்குங்க. அவ படத்துல பேசறா மேடம். பொம்மைப் படத்துல ராஜகுமாரிக்கு அவ குரல்தான். நானே கேட்டேன். பனியில நின்னுட்டு அவ ஒரு வார்த்தை சொல்லுவா, அப்படியே உள்ள புடிச்சு இழுக்கும்."

மேடமாகக் கேட்பதற்கு இன்னும் ஒரு கேள்விதான் இருந்தது.

"இதை அவளிடம் சொன்னீர்களா?"

"இல்லை மேடம்."

"ஏன்?"



"நல்லா இருக்குதுன்னு நானும் சொல்லிட்டா, கோயமுத்தூர்லயே தங்கிருவாளோன்னு ஒரு பயம் மேடம். கேலி பண்ணிட்டே இருந்தா ஊட்டுலயே இருப்பான்னு நெனச்சுட்டேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க யாரோ, அதனால சொல்றேன். எழுதிட்டீங்களா மேடம்?"

அந்த மலையாளத்தில் இதற்கு மேல் ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை. எனக்கு அழுகை வந்தால் குரல் எங்கள் ஊருக்கே திரும்பிவிடும்.

"எழுதிட்டனுங்க" என்றேன்.

போன் வைக்கப்படவில்லை என்று மட்டும் தெரிந்தது.

"ப்ரியாவா?" என்றார்.

"பதினோரு வருஷமா நாந்தானுங்க."